ஊருணி தெளிந்த வருஷம்

எங்கள் ஊரில் கல் கிடையாது. வெயில் காலத்தில் கால் நுழைகிற அளவுக்குக் கரிசல் வெடித்துக் கிடக்கும், மழைக்காலத்தில் பிடித்த காலை விடாது. ஆட்டை விரட்ட ஒரு கல் வேண்டுமென்றால்கூட இடைசெவல் பஸ் ரோட்டுக்குத்தான் போகவேண்டும். அதனால் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி ஒரு டிப்பர் லாரி நிறையக் கறுப்புக் கல்லைக் கொண்டுவந்து ஊருணிக் கரையில் கொட்டியபோது ஊரே வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது. நானும் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போய் நின்றேன். அது பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

ஊருணிக் கரையில் டீக்கடை வைத்திருக்கிறவள் நான், செண்பகவல்லி. அண்ணாச்சியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவள் அவர் பெண்டாட்டி சுதாராணி மட்டும்தான். அவள் பேசமாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

அண்ணாச்சி லாரி டிரைவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குகிற நிலக்கரியைக் கோவில்பட்டிப் பக்கத்து மில் பாய்லர்களுக்கு ஏற்றிவருவார். நல்ல மனுஷர். கேட்டால் இல்லையென்று சொல்ல வாய் வராது. ஆனால் அவருக்கு ஒரு பசி உண்டு. 'அண்ணாச்சி மாதிரி ஊருக்கு உழைக்க ஆள் உண்டா' என்று யாராவது சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் போட்டிருக்கிற சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். சொல்லவில்லையென்றால் கொடுத்த சட்டையைப் பற்றி அவரே பத்துப் பேரிடம் பேசுவார். நான் அதைக் கிண்டல் செய்வேன், அவரும் சிரிப்பார். குற்றமில்லாத பசி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊருக்குக் குழாய் உண்டு. தண்ணீர் வருவது அதன் இஷ்டம். வந்தாலும் அதில் பருப்பு வேகாது, டீ ருசிக்காது. சமைக்க, குடிக்க எல்லாம் ஊருணித் தண்ணீர்தான். மழைத் தண்ணீர் கரிசல் வழியாக ஓடிவந்து நிற்கிற இடம், அதனால் எந்த மாதம் எடுத்தாலும் டீ நிறத்தில் கலங்கியே இருக்கும். குடத்தில் ஊற்றி, தேற்றாங்கொட்டையை உரசிவிட்டு, தெளியவைத்துக் குடிப்போம். ஊருணிக்குள் செருப்போடு இறங்கக்கூடாது, மாடு இறங்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு காவல்காரர். அம்மன் கொடைத் திருவிழாவின்போது பொங்கலுக்கு முதல் குடம் அந்தக் காவல்காரர் கையால்தான் எடுக்கவேண்டும்.

அந்தக் காவலில் ரொம்ப காலமாக இருந்தவர் முப்பிடாதி, சுதாராணியின் கூடப்பிறந்த அண்ணன். அண்ணாச்சிக்கு மச்சான். ஒல்லியான ஆள், கையில் ஒரு வேலங்கம்பு, வாயில் அதிகம் சத்தம் இருக்காது. யாராவது செருப்போடு இறங்கினால் திட்டமாட்டார். கம்பால் செருப்பைக் காட்டுவார், அவ்வளவுதான்.

கல் வந்ததற்குக் காரணமும் சுதாராணிதான். மழைக்காலத்தில் ஊருணிக் கரை வழுக்கும். கல் வருவதற்கு முந்தின ஐப்பசியில் குடத்தோடு சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கோவில்பட்டியில் தகடு வைத்துக் கட்டுப்போட்டார்கள். அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. நிலக்கரி இறக்குகிற யார்டு ஒன்றில் கரியோடு வருகிற வெறுங்கல்லைப் பொறுக்கி மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். எரியாத கல், யாருக்கும் வேண்டாம். அவர் கேட்டார், எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். திரும்பி வருகிற போதெல்லாம் ஒரு லோடு ஏற்றிவந்து கரை முழுக்கப் பரப்பினார், படித்துறையும் கட்டினார். கைக்காசு டீசல், சொந்த உழைப்பு. அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

அந்தக் கல் ஏடு ஏடாக உரியும். நகத்தால் நெம்பினாலே பிரியும். உள்ளே அங்கங்கே பொன்னிறத்தில் பொடி மினுங்கும். பிள்ளைகள் அதைப் பொறுக்கித் தீப்பெட்டிக்குள் வைத்து விளையாடினார்கள். சம்மட்டியால் உடைக்கும்போது ஒரு வாசம் வந்தது, கந்தக வாசம். வேறு எந்த ஊராக இருந்தாலும் அந்த வாசத்துக்கு ஒருத்தராவது மூக்கைப் பொத்தியிருப்பார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்குகிற வேலை பார்த்தவர்கள். எங்களுக்கு அது வீட்டு வாசம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மழை பெய்தது, ஊருணி நிறைந்தது. வழக்கம்போலக் கலங்கலாகத்தான் நிறைந்தது. மார்கழியில் மெல்லத் தெளிய ஆரம்பித்தது. தை பிறந்தபோது அடித்தரை தெரிந்தது. கரிசல் காட்டில் அடித்தரை தெரிகிற ஊருணியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் பைக்கில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தேற்றாங்கொட்டை எல்லாம் பரணுக்குப் போனது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கவே வேண்டாம், சும்மா முக்கி எடுத்தாலே பளபளத்தது.

"கல்லு வடிகட்டுது தங்கச்சி. எல்லாம் நான் போட்ட கல்லு" என்று அண்ணாச்சி என் கடை பெஞ்சில் உட்கார்ந்து தினமும் சொன்னார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலித்தது.

வேறு சில காரியங்களும் நடந்தன. அவற்றை நாங்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. கெண்டைக் குஞ்சுகள் மிதந்தன, வெக்கை என்றோம். தவளைச் சத்தம் நின்றது, நிம்மதியாகத் தூங்கினோம். பருப்பு வேகவில்லை, கடைக்காரரைத் திட்டினோம். தண்ணீர் குடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு துவர்ப்பு, தெளிந்த தண்ணீருக்கு அதுதான் ருசி போல என்று முடிவு செய்தோம். கரைக் கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்தது. தண்ணீர் கரிசலைத் தொடுகிற ஓரத்தில் கஞ்சி மாதிரி ஒரு வெள்ளைச் சேறு படிந்தது. என் கடையில் பால் அடிக்கடி திரிந்தது. பால்காரர் எதையோ கலக்கிறார் என்று சொல்லி ஆளை மாற்றினேன். புது ஆள் பாலும் திரிந்தது. அப்போதும் பாலைத்தான் சந்தேகப்பட்டேன், தண்ணீரைச் சந்தேகப்படவில்லை.

முப்பிடாதி மட்டும் ஒருநாள் கடையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "தவளை இல்லாத தண்ணி எனக்குப் பிடிக்கல" என்றார். அண்ணாச்சி சிரித்தார். "மச்சானுக்குப் பொறாமை. இத்தன வருசம் கலங்கலுக்குக் காவல் இருந்தவியல்லா" என்றார். எல்லோரும் சிரித்தோம், முப்பிடாதியும் சிரித்தார்.

பங்குனியில் கொடை வந்தது. ஊர்த் தலைவர் சுடலைராஜ், ஊருணிக்குப் படித்துறை கட்டியதற்காக அண்ணாச்சிக்கு அம்மன் சன்னிதியில் பரிவட்டம் கட்டவேண்டும் என்று சொன்னார். பட்டுத்துணியைத் தலையில் கட்டியபோது அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. மேளம் அடித்தது. முப்பிடாதி வழக்கம்போல முதல் குடம் எடுத்துவந்து பொங்கல் பானையில் ஊற்றினார். பாலை ஊற்றினார்கள். எல்லோரும் குலவையிடத் தயாராக நின்றோம்.

பால் பொங்கவில்லை. திப்பி திப்பியாகத் திரிந்து, பானைக்குள் பச்சைத் தண்ணீர் வேறு, கட்டி வேறாக நின்றது.

அம்மன் பானையில் பால் திரிந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தரவேண்டியதில்லை. மேளம் நின்றது. ஊருணி தீட்டுப்பட்டிருக்கிறது, காவலில் குற்றம் இருக்கிறது. சுடலைராஜ் முப்பிடாதியைப் பார்த்து, "காவல்ல என்ன கொறை வச்சேரு?" என்று கேட்டார். முப்பிடாதி, "ஒரு கொறையும் வைக்கல" என்றார்.

சுடலைராஜ் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "பரிவட்டம் கட்டுன ஆளு, அவருக்கு மாப்பிள்ளையும் கூட. நீரு சொல்லும். தெனமும் கரையில நிக்கிறவரு."

அந்த இடத்தில் அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். ஆனால் தலையில் பரிவட்டம் இருந்தது. ஊருணிக்குக் குற்றம் என்றால் அடுத்த பேச்சு படித்துறைக்கு வரும். அவர் மெல்லச் சொன்னார், "மாசியில ஒருநா முழுக்க மச்சான் கரையில இல்ல. அது எனக்குத் தெரியும்."

அது உண்மைதான். அந்த ஒருநாள் முப்பிடாதி எங்கே இருந்தார் என்பதும் உண்மை. சுதாராணியின் கையில் வைத்த தகட்டை எடுக்கக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். அண்ணாச்சிக்கு அன்றைக்கு லோடு இருந்தது. 'மச்சான், நீங்க போயிட்டு வாங்க, கரையை நான் யார்கிட்டயாவது சொல்லிக்கிடுதேன்' என்று அவரேதான் சொல்லி அனுப்பினார். என் கடை வாசலில் வைத்துத்தான் சொன்னார். சொன்னவர், யாரிடமும் சொல்லிவைக்க மறந்துபோனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முப்பிடாதி அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தார். தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால் தங்கச்சி புருஷனைச் சபையில் பொய்யனாக்கவேண்டியிருக்கும். அவரே சொல்லாததை நானும் சொல்லவில்லை. அவர் கம்பைக் கொண்டுபோய்க் கோயில் தூணில் சாய்த்து வைத்துவிட்டு நடந்துபோய்விட்டார். மறுநாள் காலை பஸ்ஸில் புதியம்புத்தூர் போனார். அங்கே ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது.

சுதாராணி புருஷனோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. நான் அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனேன். என் கடையில் டீ கிடையாது என்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, "நான் பொய் சொல்லலையே தங்கச்சி" என்றார். அந்தப் பதில் அவருக்கே கசந்தது, முகத்தில் தெரிந்தது.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு, சத்துணவில் பருப்பு வேகவில்லை என்று ஆயா ஜெயப்பிரியா ஓயாமல் முறையிட்டதில், கோவில்பட்டியிலிருந்து தண்ணீர் பரிசோதிக்க உமாராணி என்ற பெண் வந்தார். ஊருணியில் ஒரு காகிதத் துண்டை நனைத்தார், அது சிவந்தது. அவர் முகம் மாறியது. கரைக் கல்லில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்து, "இத யாராவது வாயில வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். "படிகாரம் மாதிரி இருக்கு" என்றேன் நான். "மாதிரி இல்லம்மா, அநேகமா அதுவேதான்" என்றார். பிறகு கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம்.

உமாராணி அலட்டிக்கொள்ளாமல் கரையில் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். இந்தக் கல் ஒரு காலத்தில் களிமண்ணாக இருந்து இறுகியது. பூமிக்குள் காற்றுப் படாமல் கிடந்தவரைக்கும் சாது. அதற்குள் மினுங்குவது பொன் இல்லை, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொருள். உடைத்துப் பரப்பினால் காற்றும் மழையும் படும், பட்டால் அதிலிருந்து கந்தக அமிலம் ஊறும். அந்த அமிலம் கல்லுக்குள் இருக்கிற களிமண்ணையே அரித்து, அதில் பூட்டிக் கிடக்கிற அலுமினியத்தைக் கரைத்து எடுக்கும். கல்மேல் காய்ந்த இடத்தில் அது படிகாரம்போன்ற வெள்ளை உப்பாகப் பூக்கும். தண்ணீருக்குள் இறங்கி, கரிசலில் இருக்கிற சுண்ணாம்பைச் சந்திக்கிற இடத்தில் வெள்ளைக் கூழாகப் படியும். படியும்போது கலங்கலையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும்.

"அதான் தெளிஞ்சுது" என்றார். "தண்ணி சுத்தமாகல. அதுல எதுவும் உயிரோட இருக்க முடியல. இந்தத் தண்ணியில பால் திரியத்தான் செய்யும்."

அண்ணாச்சி கரைக் கல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்லைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "திரியத்தான் செய்யுமா?" என்று அதை மட்டும் திரும்பக் கேட்டார்.

ஊரில் யாரும் அவரைத் திட்டவில்லை. தெரியாமல் செய்தது என்றார்கள். மனசாரச் சொன்னார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். உமாராணி சொன்னபடி அவர் கல் முழுவதையும் வாரி லாரியில் ஏற்றி யார்டில் திரும்பக் கொட்டினார். கெட்ட தண்ணீரை இறைத்து வெளியேற்றினோம். கரிசலுக்கு அடியில் கிடைக்கிற சுக்காங்கல், அதில் சுண்ணாம்பு அதிகம், அதை வெட்டிக் கொண்டுவந்து ஊருணித் தரையில் பரப்பினார். அந்த ஆடியிலும் ஆவணியிலும் வெயிலில் அவர் முதுகு கருகியதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. டீ கொடுத்தேன்.

"முதல்ல முப்பிடாதி அண்ணன்கிட்ட போங்க. சுக்காங்கல்லு எங்கயும் ஓடிப்போகாது" என்றேன்.

"தண்ணியச் சரிபண்ணிட்டுப் போறேன் தங்கச்சி. வெறுங்கையோட எப்படிப் போக?" என்றார். அப்போதே போயிருக்கவேண்டும். அதை அவரும் இப்போது சொல்கிறார்.

ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்தது. பழைய டீ நிறம். கார்த்திகையில் ஒருநாள் விடியற்காலம் கடையைத் திறக்கும்போது தவளைச் சத்தம் கேட்டது. அண்ணாச்சி கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே புதியம்புத்தூருக்குக் கிளம்பினோம். சுதாராணி தானும் வருவதாக என்னிடம் சொன்னாள். புருஷனிடம் பேசாததால், என்னையும் கூட வரச்சொன்னாள். பஸ்ஸில் அவளும் நானும் ஒரு சீட், அண்ணாச்சி பின்னால் நின்றுகொண்டு வந்தார்.

கம்பெனி வாசலில் முப்பிடாதி நீலச் சட்டை போட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே தையல் மெஷின்களின் இரைச்சல். எங்களைப் பார்த்ததும் எழுந்து, தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "இப்பம் குடம் தூக்க முடியுதா?" என்று கேட்டார். எதிர்க் கடையிலிருந்து நாலு டீ வாங்கிவந்தார்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் சொன்னார். கல், கந்தகம், படிகாரம், வெள்ளைக் கூழ், பால் ஏன் திரிந்தது என்பதெல்லாம். உமாராணி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தேறிக்கூட வந்தது. காரணம் கிடைத்துவிட்டால் மனுஷனுக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது.

முப்பிடாதி முழுவதும் கேட்டார். "தண்ணி இப்பம் எப்படிக் கெடக்கு?" என்றார்.

"கலங்கித்தான் கெடக்கு மச்சான்."

"தவள?"

"கத்துது."

"நல்லது" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார், கண்ணில் தெரிந்தது.

"ஊருக்கு வாங்க மச்சான். கம்பு அந்தத் தூணுலதான் இருக்கு. யாரும் தொடல. கல்லு இப்படிச் செய்யும்னு எனக்குத் தெரியாம போச்சு. தெரிஞ்சா போட்டிருப்பனா?"

முப்பிடாதி டம்ளரைக் கீழே வைத்தார். கோபமே இல்லாத குரலில்தான் பேசினார்.

"கல்லு உங்களுக்குத் தெரியாது மாப்பிள்ள. அதுக்கு நீங்க எங்கிட்ட வரவே வேண்டாம். நான் அன்னைக்கு எங்கன இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல்லா?"

உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது. தைக்கிற பெண்கள் தூக்குச்சட்டியோடு வெளியே வர ஆரம்பித்தார்கள்.

"டீ ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு முப்பிடாதி கேட்டைத் திறந்துவிடப் போனார். அண்ணாச்சியால் குடிக்க முடியவில்லை. டம்ளர் நிறைய அப்படியே இருந்தது, நான்தான் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

இந்தப் பங்குனியில் கொடைக்குப் பந்தக்கால் நாட்டுவதற்கு முன்னால் ஊர்க்கூட்டம் கோயில் முன்னால் கூடியது. அண்ணாச்சி எழுந்து நின்று, தான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றார். சுடலைராஜ் கையை அசைத்தார். "விடும்யா, அந்தக் கல்லு சமாச்சாரம் முடிஞ்சு போச்சு. தெரியாமச் செஞ்சதுதான. இப்பம் தண்ணி நல்லாருக்கு."

"நான் கல்லைச் சொல்லல. போன கொடையில நான் சொன்ன வார்த்தைய..."

"மேளக்காரனுக்கு யாருலே போன் போட்டது?" என்று யாரோ கேட்டார்கள். பந்தல் எங்கே போடுவது என்று இன்னொருவர் எழுந்தார். ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுவதுதான் எங்கள் ஊர்க் கூட்டம். ஜமுக்காளத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி வாயைத் திறந்தபடி நடுவில் நின்றார். ஊர் பாராட்டவேண்டும் என்று ஆயுசு முழுக்க ஏங்கிய மனுஷர். ஊர் தன்னைத் திட்டவேண்டும் என்று அன்றைக்கு நின்றார், அதற்கும் ஊருக்கு நேரமில்லை.

பெண்கள் பக்கத்தில் எல்லோரும் எழுந்துவிட்டோம். சுதாராணி மட்டும் எழுந்திருக்கவில்லை. சுருட்ட வந்தவளிடம் கொடுக்காமல் ஜமுக்காளத்தின் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். தூணில் சாய்ந்திருந்த கம்பை ஒருதரம் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்து, ஒரு வருஷத்தில் முதல் வார்த்தையாக,

"சொல்லுங்க, நான் கேக்குதேன்" என்றாள்.

அண்ணாச்சி சொல்ல வாயெடுத்தார். அழுகைதான் வந்தது. அவள் ஜமுக்காளத்தை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.